'தைராய்டையும் ஒரு தடவை பார்த்துவிடலாமே!'

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன் போன மாத ரெஜிஸ்டரைப் புரட்டிக் காட்டினார். சர்க்கரைக்கு அடுத்தபடியாக நாங்கள் அதிகம் எழுதியிருப்பது தைராய்டு ப்ரொஃபைல். தைராய்டு சுரக்கும் டி-3, டி-4 ஹார்மோன்கள், அதைச் சுரக்கச் சொல்லி ஏவும் டி.எஸ்.எச். ஹார்மோன், மூன்றும் சேர்த்து. பெரும்பாலான ரிப்போர்ட் சாதாரணம் என்றே வருகிறது. எங்களிடம் அந்த மெஷின் இல்லை. ரத்த டியூப் எல்லாம் கோயம்புத்தூருக்கு இறங்குகிறது, காசு நோயாளியின் கையிலிருந்து போகிறது. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவருக்கு ஒரு நாள் கூலி அதிலேயே கரைந்துவிடும். டாக்டர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மூத்தவர் ஒருவர், 'ஒரு கேஸை விட்டுவிட்டால் நீ வந்து பதில் சொல்வாயா?' என்று கேட்டார். நோயாளிகளும் தாங்களாகவே கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் நானும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இதை எப்படிக் குறைப்பது?

பதில்: அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது, நீங்களும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொண்ட வரி. அடுத்தவர் எழுதும் வீண் பரிசோதனை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தன் பேனா தானாக ஓடுவதைக் கவனிப்பவர்கள் குறைவு. நானும் குன்னூரிலும் ஊட்டியிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் ஓ.பி. பார்த்தவன். அதில் பாதிக் காலம் அந்தப் பேனா என் கையிலும் தானாகத்தான் ஓடியது.

ஏன் ஓடுகிறது என்று முதலில் பார்ப்போம். பாடப்புத்தகத்தில் தைராய்டு சுரப்புக் குறைவின் அறிகுறிகள் என்ன? களைப்பு, குளிர் தாங்காமை, வறண்ட தோல், முடி உதிர்தல், உடம்பு வலி, எடை கூடுதல், மலச்சிக்கல். இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிசம்பர் மாதம் ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் போய் நின்று பாருங்கள். உறைபனி படிந்த புல்லில் காலை வைக்கிற ஒவ்வொருவருக்கும் நாலு அறிகுறியாவது இருக்கும். குளிர் தாங்கவில்லை என்பது மதுரையில் ஒருவர் சொன்னால் யோசிக்க வேண்டிய விஷயம். நம் ஊரில் அது வானிலை அறிக்கை. பனிக்காலத்தில் தோல் வெடிக்காத ஆளும் இங்கே இல்லை. முதுகில் கொழுந்து மூட்டையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்குகிற பெண்ணுக்கு உடம்பு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆக, அறிகுறிப் பட்டியலை மட்டும் நம்பினால் மலையில் இருக்கிற எல்லோருக்கும் சீட்டு எழுத வேண்டியதுதான். எழுதிக்கொண்டும் இருக்கிறோம்.

என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். முப்பத்தெட்டு, நாற்பது வயதுப் பெண், எஸ்டேட்டில் வேலை. அசதி, முடி கொட்டுகிறது என்று வந்தார். தைராய்டு எழுதினேன். டி.எஸ்.எச். எல்லைக்குக் கொஞ்சம் மேலே, ஆறைத் தாண்டி ஏதோ புள்ளியில் இருந்தது. தைராய்டு மாத்திரை 25 மைக்ரோகிராம் ஆரம்பித்தேன், அப்புறம் 50, அப்புறம் 75. அசதி குறைகிற வழியாக இல்லை. எட்டு மாதம் கழித்து ஊசி போடும் அறையில் இருந்த சிஸ்டர் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, 'சார், கண்ணு வெள்ளையா இருக்கே' என்றார். ஹீமோகுளோபின் 7 சொச்சம், கடும் ரத்தசோகை. கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நான் கேட்கவே இல்லை. ஏன் கேட்கவில்லை என்றால், என்னிடம்தான் பதில் இருந்ததே! ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்த அந்த ஆறு, நோயைக் கண்டுபிடித்துவிட்ட நிம்மதியை எனக்குக் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். தேவையில்லாத பரிசோதனையால் காசு வீண் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். அதைவிடப் பெரிய நஷ்டம் இது.

இந்த 'தடித்த எழுத்து' எப்படி வருகிறது என்பதையும் உங்கள் கூட்டத்தில் ஒரு தடவை கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். சாதாரண அளவு என்று ரிப்போர்ட்டின் ஓரத்தில் போட்டிருக்கிறார்களே, அது ஆரோக்கியமானவர்களில் நடுவில் இருக்கும் 95 சதவீதம் பேருடைய அளவு. ஆரோக்கியமான நூறு பேரைப் பரிசோதித்தால் ஐந்து பேர் அந்த எல்லைக்கு வெளியே விழுவார்கள். அவர்களுக்கு நோய் இல்லை. கணக்கு அப்படி. மூன்று பரிசோதனையைச் சேர்த்து எழுதினால் என்ன ஆகும்? மூன்றும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நூற்றுக்குச் சுமார் 14 ஆரோக்கியமானவர்களுக்கு ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வரும். அவர்களுக்கு மறுபடி பரிசோதனை, அப்புறம் ஆன்டிபாடி, அப்புறம் கழுத்து ஸ்கேன், ஸ்கேனில் ஒரு பொடிக் கட்டி, அதைக் குத்திப் பார்க்க ஒரு ஊசிப் பரிசோதனை. மலையிலிருந்து கீழே போய் வரும் பஸ் செலவு தனி. தொட்டுப் பார்த்தால் கட்டி எதுவும் தெரியாத கழுத்துக்கு, ரத்த ரிப்போர்ட் சரியில்லை என்பதற்காக மட்டும் ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க என்டோகிரைன் சொசைட்டியே சொல்லியிருக்கிறது.

மூன்றையும் ஏன் சேர்த்து எழுதத் தேவையில்லை என்பதற்கு நான் மேஸ்திரியை உதாரணம் காட்டுவேன். எஸ்டேட்காரர்களுக்கு உடனே புரியும். கொழுந்து வரத்துக் கொஞ்சம் குறைந்தாலே மேஸ்திரியின் குரல் ஏறிவிடும். எடை மேடையில் மூட்டையை நிறுத்துப் பார்க்கும் முன்பே காட்டுக்குள் சத்தம் கேட்கும். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிதான் மேஸ்திரி, அது சுரக்கும் டி.எஸ்.எச். அவருடைய குரல், டி-4தான் கொழுந்து. டி-4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறத்தாழ நூறு மடங்கு வரை ஏறும். இவ்வளவு நுட்பமான குரல் இருக்கும்போது முதலிலேயே தராசைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. டி-3 இன்னும் மோசம். சுரப்புக் குறைவில் கடைசி வரைக்கும் அது சாதாரணமாகவே நின்று நம்மை ஏமாற்றும். குறைவைக் கண்டுபிடிக்கவோ மாத்திரை அளவைச் சரிபார்க்கவோ அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சுரப்பு அதிகம் என்று சந்தேகித்தால், அதாவது டி.எஸ்.எச். அடிமட்டத்தில் இருந்தால், அப்போது டி-3 வேண்டும்.

சரி, இதெல்லாம் உங்கள் மூத்தவர்களுக்குத் தெரியாதா? தெரியும். கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அதனால்தான் வகுப்பு எடுத்து இதைக் குறைக்க முடியாது என்கிறேன். நாங்களும் எடுத்துப் பார்த்தோம். பிரமாதமான வகுப்பு, போண்டா, காபி எல்லாம். இரண்டு மாதம் எண்ணிக்கை குறைந்தது. அப்புறம் புது ஆட்கள் வந்தார்கள், பழைய பேனாக்களும் பழைய வழிக்குத் திரும்பின.

பிறகு ஒரு நாள் ஓ.பி.யில் உட்கார்ந்து பரிசோதனைச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சடித்த சீட்டு. சர்க்கரைக்கு ஒரு கட்டம், அதன் கீழே கொலஸ்ட்ராலுக்கு ஒரு கட்டம், அதன் கீழே 'தைராய்டு ப்ரொஃபைல்' என்று ஒரு கட்டம். சர்க்கரைக்கு டிக் போட்ட கை அப்படியே கீழே இறங்கி மூன்றுக்கும் போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறது. யாரும் யோசித்து முடிவெடுத்து எழுதவில்லை. கட்டம் இருக்கிறது, டிக் விழுகிறது. நாங்கள் செய்ததெல்லாம் அடுத்த தடவை சீட்டு அச்சடிக்கும்போது அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டதுதான். அதற்குப் பதில் தனியாக ஓர் ஓரத்தில் டி.எஸ்.எச். மட்டும், பக்கத்தில் 'எதற்காக?' என்று கேட்டு ஒரு சின்னக் கோடு. டி-3, டி-4 வேண்டுமென்றால் யாரும் தடுக்கவில்லை. கையால் எழுத வேண்டும், அவ்வளவுதான். எதற்காக என்று ஒரு வார்த்தை எழுத வேண்டியிருந்தால் கை அரை நொடி நிற்கும். அந்த அரை நொடி போதும். எண்ணிக்கை இறங்கியது, ஆள் மாறியும் ஏறவில்லை. சீட்டுக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது பாருங்கள்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. தைராய்டு பரிசோதனை எழுதுவதைக் குறைக்க உலகில் பல இடங்களில் செய்த முயற்சிகளைத் தொகுத்து 2016-ல் பி.எம்.ஜே. ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஒரு மீளாய்வு வந்தது. வகுப்பு, வழிகாட்டிக் குறிப்பு, சீட்டை மாற்றுவது, டாக்டருக்கு அவருடைய கணக்கைக் காட்டுவது என்று எல்லாம் அதில் இருந்தன. பெரும்பாலானவற்றால் எண்ணிக்கை குறையத்தான் செய்தது. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் அவ்வளவு உசத்தியில்லை, இதுதான் சிறந்த வழி என்று அடித்துச் சொல்ல முடியவில்லை என்றும் அவர்களே எழுதியிருந்தார்கள். ஆகவே சீட்டை மாற்றுவது மந்திரக்கோல் என்று நான் சொல்லவில்லை. செலவில்லாதது, யாரையும் புண்படுத்தாதது, அதனால் முதலில் செய்யத் தகுந்தது என்று சொல்கிறேன்.

சீட்டோடு இன்னொரு ஏற்பாடும் வேண்டும். அது கோயம்புத்தூர் லேபோடு நீங்கள் பேச வேண்டியது. டி.எஸ்.எச். மட்டும் அனுப்புவோம், அது எல்லைக்கு வெளியே வந்தால் நாங்கள் கேட்காமலே அதே டியூபில் ஃப்ரீ டி-4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் டி-4) போட்டுவிடுங்கள், அதற்கு மட்டும் தனியாகப் பில் போடுங்கள் என்று கேளுங்கள். நோயாளி இரண்டாவது தடவை கை நீட்ட வேண்டாம், ரத்தம் இரண்டாவது தடவை மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் இறங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும் நாட்களில் இதன் அருமை தெரியும். உங்கள் மூத்தவர்களுக்கும் இது ஆறுதலான ஏற்பாடு. டி-4 பார்க்காமல் விடவில்லை, தேவைப்பட்டால் மட்டும் பார்க்கிறோம் என்று சொல்லிவிடலாமே.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். 'விட்டுவிட்டால் நீ பதில் சொல்வாயா?' இதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பயம். எப்போதோ ஒரு கேஸை அவர் விட்டிருப்பார், அது இன்னும் அவரைத் தூங்கவிடாமல் இருக்கலாம். அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இந்தியாவின் எட்டு நகரங்களில் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் சேர்த்த கணக்கு அது. இருந்தாலும் அரிய நோய் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் தப்பிப் போகிற நோயாளிகளும் உண்டு. மேஸ்திரியே படுத்துவிட்டால் கொழுந்து குறைந்தாலும் சத்தம் கேட்காது இல்லையா? பிட்யூட்டரியே கெட்டுப்போனவர்களுக்கு டி.எஸ்.எச். சாதாரணமாகவே காட்டும். பிரசவத்தில் ஏகப்பட்ட ரத்தம் போய், பிறகு தாய்ப்பாலே சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் சோர்ந்து வருகிற பெண் அப்படிப்பட்டவர். கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்து மாதக்கணக்கில் தேறாமல் இருப்பவரும் அப்படித்தான். இவர்களுக்கு முதலிலேயே ஃப்ரீ டி-4 எழுதத்தான் வேண்டும். ஆனால் இவர்களை அடையாளம் காட்டுவது அவர்கள் கதை. அதைக் கேட்காமல் எல்லோருக்கும் மூன்று கட்டத்தில் டிக் போடுகிற இடத்தில் இந்தப் பெண்ணும் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரிடம் வாதம் செய்ய மாட்டேன். 'சார், யாருக்கெல்லாம் கட்டாயம் பார்க்கணும்னு நீங்களே எழுதிக் கொடுங்க, அதை ஓ.பி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிடுகிறேன்' என்று கேட்பேன். எழுத உட்கார்ந்ததும் பட்டியல் எவ்வளவு சின்னது என்று அவருக்கே தெரியும். கழுத்தில் வீக்கம் இருப்பவர், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர், காரணமில்லாமல் எடை இறங்குபவர், மனநோய்க்கு லித்தியமோ இதயத் துடிப்புக்கு அமியோடரோனோ சாப்பிடுபவர், குழந்தையின்மைக்கு வந்தவர், வயதுக்குத் தக்க வளராத பிள்ளை, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், டைப்-1 சர்க்கரைக்காரர், கழுத்தில் அறுவை சிகிச்சையோ ரேடியோ அயோடினோ ஆனவர். அவர் இன்னும் இரண்டு சேர்த்தாலும் சேர்க்கட்டும். தான் எழுதிய பட்டியலை அவரே காப்பாற்றுவார்.

இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். ஒன்று, பிறந்த குழந்தை. ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒரு குழந்தை தைராய்டு சுரப்பு இல்லாமலோ போதாமலோ பிறக்கிறது. பார்த்தால் எதுவும் தெரியாது. முதல் சில வாரங்களுக்குள் மாத்திரை ஆரம்பித்தால் மற்றப் பிள்ளைகளைப் போல வளரும், விட்டால் மூளை வளர்ச்சி போய்விடும். இந்தப் பரிசோதனையைக் குறைப்பதை விடுங்கள், உங்கள் மருத்துவமனையில் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது, கர்ப்பிணிகள். முதல் வருகையில் ஒரு டி.எஸ்.எச். பார்ப்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது, இருக்கட்டும். அங்கே போய் சிக்கனம் பேசினால் மற்ற இடத்திலும் உங்கள் பேச்சு எடுபடாது.

அப்புறம் ஒரு விஷயம் உங்களைச் சங்கடப்படுத்தலாம். அதே ரெஜிஸ்டரில் மாத்திரை சாப்பிடுகிற பழைய நோயாளிகளின் பெயரைத் தேடுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டியவர்கள் மூன்று, நாலு வருடமாகப் பார்க்காமல் அதே அட்டையைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிக்கொண்டிருப்பார்கள். வேண்டாதவருக்கு எழுதிக்கொண்டே இருக்கிறோம், வேண்டியவருக்கு எழுதவில்லை. இவர்களைப் பிடித்தால் உங்கள் மொத்த எண்ணிக்கை நினைத்த அளவு இறங்காமல் போகலாம். பரவாயில்லை. நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிடிக்கும்போதே இதையும் கேளுங்கள்: மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்? நம் ஊரில் கண் விழித்ததும் கையில் டீ. மாத்திரை டீயோடு சேர்ந்து இறங்கும். டீ, காபி, கால்சியம், இரும்பு மாத்திரை எதுவுமே அதற்கு ஆகாது. மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டீ, இரும்புச்சத்து மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று மாத்திரை அளவைக் கூட்டி, மறுபடி ரத்தம் எடுத்து, இன்னும் கூட்டி என்று ஓடிக்கொண்டிருக்கும் கேஸ்களில் பாதி, டீ டம்ளரில் முடிகிற பிரச்சினை. அளவை மாற்றிய பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். டி-4 உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும், அந்தக் கணக்கில் நிலைக்கு வர ஒன்றரை மாதமாவது வேண்டும். 'பதினைந்து நாள் கழித்துப் பார்த்துட்டு வாங்க' என்று எழுதிய ஒவ்வொரு சீட்டும் வீண்தான். இதை லேப் அண்ணனிடமே ஒப்படைக்கலாம். இதே பெயரில் ஆறு வாரத்துக்குள் ஒரு ரிப்போர்ட் இருந்தால் ரத்தம் எடுக்கும் முன் டாக்டருக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். அவருக்கு அந்த உரிமையைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கொடுங்கள். இல்லாவிட்டால் பாவம், சீனியருக்கு எப்படிப் போன் பண்ணுவார்?

வார்டில் படுத்திருப்பவர்களுக்கும் வழக்கமான சீட்டு என்ற பெயரில் தைராய்டு போகிறது என்றால் அதை உடனே நிறுத்துங்கள். நிமோனியாவோ வேறு கடும் நோயோ வந்து படுத்தவருக்குத் தைராய்டு அளவுகள் தாமாகவே குழம்பும். தேறும்போது டி.எஸ்.எச். கொஞ்ச நாள் மேலே போய் இறங்கும். தைராய்டு நோய் என்றே வலுவாகச் சந்தேகித்தால் தவிர, வீட்டுக்குப் போய் உடம்பு தேறி ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முடி உதிர்வுக்கு பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரிப் பெண் ஒருத்தி. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். அடியில், டி-4 உச்சத்தில். ஆள் என் முன்னால் நிதானமாக உட்கார்ந்திருக்கிறாள், நாடி 74, கை நடுக்கமில்லை, எடை குறையவில்லை. கோயம்புத்தூருக்கு எழுதி, சுரப்பைக் குறைக்கும் மாத்திரை ஆரம்பிக்கும் அளவுக்குப் போய்விட்டது பேச்சு. என்னம்மா சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள், பயோட்டின் 10 மில்லிகிராம். பல லேப் மெஷின்களில் பயோட்டினே பரிசோதனையின் ஒரு பகுதி. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி-4 பொய்யாக ஏறியும் காட்டும். இரண்டு, மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம், எல்லாம் சரி. முடி உதிர்கிறது என்றுதான் பாதிப் பேருக்குத் தைராய்டு எழுதுகிறோம். அந்தப் பாதிப் பேரில் எத்தனை பேர் மருந்துக் கடையில் இதை ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள். சீட்டில் 'எதற்காக?' என்ற கோட்டுக்குக் கீழே பயோட்டின் பற்றியும் ஒரு கேள்வி அச்சடித்தால் நல்லது.

நோயாளிகளே கேட்கிறார்கள் என்கிறீர்கள். கேட்பார்கள். 'எங்க அண்ணிக்குத் தைராய்டு இருக்கு, எனக்கும் பார்த்துடுங்க' என்பார்கள். தைராய்டு எல்லோருக்கும்தான் இருக்கிறது என்று ஜோக் அடிக்காதீர்கள். நான் அடித்துப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. முடியாது என்றும் சொல்லாதீர்கள். அடுத்த தெருவில் செக்-அப் பேக்கேஜ் போர்டு தொங்குகிறது, நேரே அங்கே போய் அறுபது பரிசோதனையோடு திரும்பி வருவார்கள். அதையும் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், விழுங்கச் சொல்லுங்கள். நாடி பிடியுங்கள், முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டுங்கள், இமையை இழுத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம். தன்னைத் தொட்டுப் பார்த்த டாக்டர் 'தைராய்டு மாதிரித் தெரியலைம்மா, முதலில் ரத்தம் எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம், அது சரியா இருந்தும் அசதி போகலைன்னா அடுத்த மாசம் தைராய்டும் பார்த்துடலாம்' என்று சொன்னால் பெரும்பாலோர் சரி என்பார்கள். ரத்தம் கம்மி என்பது நம் மக்களுக்குப் புரிந்த, அவர்களே நம்புகிற நோய். தோட்டங்களில் அது எவ்வளவு பரவலானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசி மக்கள் வந்தால் பரம்பரையாக வரும் ரத்த நோயான அரிவாள் செல் நோயும் நினைவில் இருக்கட்டும். 1952-ல் இந்தியாவில் அந்த நோயின் கூறு முதலில் கண்டறியப்பட்டவர்களில் இந்த மலை ஆதிவாசிகளும் அடக்கம். தூக்கமில்லாமை, மனச்சோர்வு, வீட்டில் குடிக்கிற புருஷன், இவையெல்லாமும் அசதியாகத்தான் ஓ.பி.க்கு வருகின்றன. இவற்றுக்கு ரிப்போர்ட் கிடையாது, அதனால் நாம் கேட்பதில்லை.

முட்டைக்கோஸ் சாப்பிட்டால் தைராய்டு வருமா என்ற கேள்வியும் உங்களுக்கு வந்துகொண்டிருக்கும், கோஸ் விளைகிற ஊர் ஆயிற்றே. முயல்களுக்குப் பெரும்பாலும் கோஸையே போட்டபோது தைராய்டு வீங்கிக் கழுத்துக் கழலை வந்தது என்று 1928-ல் அமெரிக்காவில் கண்டார்கள், அதிலிருந்து கிளம்பிய பயம் இது. அயோடின் உப்புப் போட்டு வேகவைத்த கோஸ் பொரியலால் மனிதருக்கு ஒன்றும் ஆகாது. கழலை ஆராய்ச்சிக்கு நம் மலையோடு ஓர் உறவும் உண்டு. இமயமலைப் பக்கத்துக் கில்கிட்டில் கழலை ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள அந்த ஊர்த் தண்ணீரின் வண்டலைத் தானே குடித்துப் பார்த்த ராபர்ட் மெக்கேரிசன்தான் பிறகு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியை நடத்தினார். 1958-ல் அந்த ஆராய்ச்சிக்கூடம் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. குன்னூர் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும், இங்கே எழுதாமல் விட மனமில்லை.

டி.எஸ்.எச். லேசாக ஏறி வந்தவர்களை என்ன செய்வது என்றும் ஒருமித்த முடிவெடுத்து வையுங்கள். ஐந்து, ஆறு, எட்டு என்று வந்து டி-4 சரியாக இருந்தால், கர்ப்பிணியாக இல்லாத பட்சத்தில், மாத்திரை வேண்டாம். இரண்டு, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பாருங்கள். நிறையப் பேருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் ஏறியிருப்பதே இயல்பு. 2017-ல் வெளிவந்த ட்ரஸ்ட் ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்ட, இப்படி லேசாக ஏறியிருந்த 737 பேரில் ஒரு பகுதிக்கு மாத்திரையும் மறு பகுதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து இரு சாராரின் அசதியிலும் வித்தியாசமில்லை. மாத்திரை கூடிப்போனால் வயதானவர்களுக்கு இதயத் துடிப்புத் தவறும், எலும்பும் தேயும். என் அனுபவத்தில், ஏறியிருந்தால் மாத்திரை என்ற பழக்கம் போனாலே பாதி ஆர்வம் போய்விடும். ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யப் போவதில்லை என்று தெரிந்தால் யார்தான் எழுதுவார்கள்?

கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுவரில் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு டாக்டரும் நூறு ஓ.பி.க்கு எத்தனை தைராய்டு எழுதினார், அதில் எத்தனை எல்லைக்கு வெளியே வந்தது என்று மாதம் ஒரு தடவை அவரவருக்கு மட்டும் கவரில் கொடுங்கள். முதல் மாதம் உங்கள் கணக்கை மட்டும் கூட்டத்தில் எல்லோரிடமும் காட்டுங்கள். அது எவ்வளவு மோசமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

லேப் வருமானம் குறையும் என்று மேனேஜர் முகம் சுளித்தால், உங்களிடம் மெஷினே இல்லை, பணம் கீழேதான் போகிறது என்பதை நினைவுபடுத்துங்கள். வெளி லேபிலிருந்து யாருக்காவது பங்கு வருகிறது என்றால் அது வேறு கதை. 2002-ஆம் வருட மருத்துவ ஒழுக்க விதிமுறையே அதைத் தடை செய்திருக்கிறது. உங்கள் இடத்தில் அப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இருந்தால் சீட்டை மாற்றி ஒன்றும் ஆகாது, எனக்குத் தனியாக எழுதுங்கள்.

புதுச் சீட்டை அச்சுக்குக் கொடுக்கும் முன் லேப் அண்ணனிடமும் அந்தப் பெரியவரிடமும் ஒரு நகலைக் காட்டிவிடுங்கள். பழைய சீட்டுக் கட்டு பீரோவில் மிச்சமிருந்தால் எடுத்து ஒளித்து வையுங்கள். நாங்கள் வைக்க மறந்தோம், மூன்று மாதம் அதுவே ஓடியது.